மனைவி அடித்தால் யாரிடம் சொல்வது?

கேள்வி: எனக்கு 38 வயது. கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. கோபம் வந்தால் என் மனைவி கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். போன மாதம் சூடான இஸ்திரிப் பெட்டியை என் முழங்கையில் வைத்துவிட்டார். வேலையிடத்தில் மோட்டார் புகைக்குழாய் சுட்டுவிட்டது என்றேன். என் சம்பள கார்டும் அவரிடம்தான். மச்சானிடம் சொன்னால் சிரிக்கிறார். போலீசுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள் என்கிறார் மனைவி. 7 வயது மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். இதெல்லாம் குடும்ப வன்முறையில் சேருமா அக்கா?

– வாசகர், செந்தூல்

பதில்: சேரும் தம்பி. புகைக்குழாய் காலில்தானே சுடும், முழங்கையில் எப்படிச் சுடும்? வேலையிடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை, பாருங்கள். ஆம்பளையை யார் அடிக்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான்.

நம் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், மனைவி என்று பிரித்துப் பேசவில்லை. வாழ்க்கைத் துணையைக் காயப்படுத்தினால், பயமுறுத்தினால், மனத்தளவில் வதைத்தால் அது வன்முறை. செய்தவர் யாராக இருந்தாலும் சரி. சம்பள கார்டு மனைவியிடம் இருப்பது நம் வீடுகளில் சகஜம், அதை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். ஒரு தே தாரிக் டீ குடிக்கும் காசுக்கும் கெஞ்ச வேண்டியிருந்தால் அது வேறு கதை.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, பெண்களும்தான்’ என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அடிபடும் பெண்கள் எழுதுபவை. அந்தப் பெண்கள் வாயை அடைக்க உங்கள் கடிதத்தை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

முதலில் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காயம் பழசானாலும் தழும்பு இருக்கும். எப்படி வந்தது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், எழுதிவைப்பார். ‘உன்னைத்தான் பிடிப்பார்கள்’ என்ற மிரட்டலுக்கு அந்தத் தாள்தான் பதில். அப்புறம் காவல் நிலையத்தில் புகார். விசாரணை முடியும்வரை உங்களை அவர் தொடக்கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். உடனே ஆபத்து என்றால், 2017இல் வந்த திருத்தப்படி சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அது 7 நாளுக்குச் செல்லும், அதற்கு முதலில் போலீஸ் புகார்கூடத் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண் 15999க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மனைவி ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஏதோ கஷ்டம் இருக்கலாம். நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதுவரை அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. என்ன நடந்தாலும் நீங்கள் கை ஓங்காதீர்கள். ஒரு அடி போதும், அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

ஐசி (அடையாள அட்டை), மகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள். மச்சானிடம் வேண்டாம். அடுத்த முறை சத்தம் தொடங்கியதும் வாக்குவாதம் செய்யாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.