ஏஐயை வைத்து காமெடி எழுதுகிறீர்களா? கேமராவை முதலாளி பக்கம் திருப்புங்கள்

வாசகர் கேள்வி: டிவி தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியில் எழுத்தாளர்களைத் தூக்கிவிட்டு ஏஐயை உட்கார வைக்கிறார்கள். அது உளறிக்கொட்டுவதுதான் காமெடி. இப்படி ஒரு வெப் சீரீஸ் எழுதுகிறேன், ஆனால் படித்தவர்கள் இரண்டாவது சீனுக்கு மேல் சிரிக்கவில்லை. எங்கே இடிக்கிறது, எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய சீன்களைப் படித்தேன். வசனம் நன்றாகவே வருகிறது. பிரச்சினை என்னவென்றால், இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது, பயம் கிடையாது, வேலை போகும் கவலையும் கிடையாது. இழக்க எதுவுமே இல்லாத பாத்திரம் தடுக்கி விழுந்தால் ஒருமுறை சிரிப்பு வரும், அவ்வளவுதான். 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க காமெடித் தொடரைப் பகடி செய்து ஏஐ எழுதும் வசனங்களோடு ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் இரவு பகலாக ஓடிய 'நத்திங், ஃபாரெவர்' கொஞ்சம் பாருங்கள், நான் சொல்வது புரிந்துவிடும்.

அடுத்து, 2023 ஜூனில் வந்த 'பிளாக் மிரர்' தொடரின் 'ஜோன் இஸ் ஆஃபுல்' எபிசோடை நிதானமாகப் பாருங்கள். தொழில்நுட்பத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டும் அந்தத் தொடர் பொதுவாகச் சிரிக்க வைப்பதில்லை, இது விதிவிலக்கு. ஜோன் என்ற ஒரு மேனேஜரின் அன்றாட வாழ்க்கையை ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனம் அன்றைக்கே தொடராக ஓட்டுகிறது, திரையில் ஜோனாக வருவது ஹாலிவுட் நடிகை சல்மா ஹாயெக்கின் முகம். வக்கீலிடம் ஓடினால், விதிமுறைகளைப் படிக்காமல் நீங்கள்தானே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்கள் என்கிறார். சரி, நட்சத்திரமாவது தப்பித்தாரா? அவரும் தன் உருவத்தை எழுதிக் கொடுத்துவிட்டதால், அந்த உருவம் திரையில் எவ்வளவு அசிங்கமாக நடந்துகொண்டாலும் அவருடைய வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இத்தனையிலும் கணினி தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சிரிப்பும் கோபமும் வருவது ஒப்பந்தத்தால்தான், எதிர்மறையாகக் காட்டினால்தான் ஜனங்கள் விடாமல் பார்க்கிறார்கள் என்று நிறுவனத் தலைவி சாதாரணமாகச் சொல்வதால்தான்.

ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றைக் கிண்டலடிக்கும் 'தி ஸ்டூடியோ' (2025) தொடரின் 7வது எபிசோடிலும் இதே கணக்குதான். நடிகர் தேர்வால் யார் மனமும் புண்படக்கூடாதே என்று ஸ்டூடியோக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் ரசிகர்கள் கொதிப்பது அனிமேஷனுக்கு ஏஐ பயன்படுத்தும் விஷயத்துக்கு. அவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பது அங்கேதான் வெளிச்சமாகிறது.

நிஜத்தில் எழுத்தாளர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கதைக்கு அதுதான் உரம். 2023 மே 2 அன்று தொடங்கி 148 நாள் நீடித்த அமெரிக்கத் திரை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தில் ஏஐ ஒரு முக்கியக் கோரிக்கை. இயந்திரம் ஒரு முதல் வரைவைத் துப்பும், அதை எழுத்தாளரிடம் கொடுத்து 'கொஞ்சம் சரிபண்ணுங்க' என்பார்கள், அவர் ஒரு வரி விடாமல் திருப்பி எழுதுவார், ஆனால் கிடைப்பது திருத்தி எழுதுவதற்கான குறைந்த கூலி. திரையில் போடும் எழுத்தாளர் பெயரிலும் பங்கு போகும். இதுதான் பயம். அதனால்தான் ஏஐ தந்த எழுத்தை மூலப் படைப்பாகக் கருதக்கூடாது, அப்படி ஒன்றைக் கொடுத்தால் எழுத்தாளரிடம் சொல்லிவிட வேண்டும், ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அந்த 'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லிலேயே உங்களுக்கு ஒரு முழு எபிசோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்கிறவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவரிடம் செலவு குறைந்த கணக்கைக் காட்டியாக வேண்டும், எழுத்தாளர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் மறுநாள் ஷூட்டிங் கிடையாது என்பதும் இவருக்குத் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட இந்த ஆளைப் பிடியுங்கள், இரண்டாவது சீன் தானாக எழுந்து நிற்கும்.

அப்புறம், ஏஐயின் வசனங்கள். அதை உளற விடாதீர்கள், இப்போதைய மென்பொருள்கள் அப்படி எழுதுவதும் இல்லை. வழவழவென்று, இலக்கணம் பிசகாமல், எல்லோரும் எல்லோரையும் புரிந்துகொண்டு கட்டிப்பிடிக்கும் சீன்களைத்தான் எழுதித் தள்ளுகின்றன. 2023 மார்ச்சில் வந்த, 'சவுத் பார்க்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் எபிசோடு 'டீப் லேர்னிங்' இதை அழகாகப் பிடித்தது: கதையின் முடிவை எழுதச் சொல்லி ஸ்டான் என்ற பள்ளிச் சிறுவன் சாட்ஜிபிடியிடமே கேட்கிறான், உடனே எல்லாச் சிக்கலும் சட்டென்று தீர்ந்துவிடுகிறது, எழுத்தாளர் பெயர்களிலும் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ட்ரே பார்க்கரோடு சாட்ஜிபிடி இருக்கிறது. உங்கள் ஏஐயும் அப்படி ஒரு பக்கம் எழுதட்டும். அதை நடிகர்கள் முகம் மாறாமல் வாசிக்க, முதலாளி மட்டும் கண் கலங்கிக் கைதட்டட்டும்.