பில் காலின்ஸின் தனிப்பாடல்கள்: கேள்வி பதில்

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மராக 1970இல் சேர்ந்து, பிறகு அதன் பாடகராகி, 1981 முதல் தனியாகவும் ஆல்பம் போட்ட பில் காலின்ஸ் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், 'இன் தி ஏர் டுநைட்' பாட்டுல டிரம்ஸ் இடி மாதிரி விழுதே, எவ்வளவு ரெவெர்ப் போட்டாலும் எனக்கு அது வரலை. எங்கே தப்பு?

பதில்: ரெவெர்பை, அதாவது செயற்கை முழக்கத்தை, கூட்டக் கூட்ட ஒலி தூரம் போகும், கனம் வராது. அந்த டிரம்ஸில் பெரிய அறையின் முழக்கம் இருக்கிறது. ஆனால் முழக்கம் தானாக ஓய்வதற்கு முன்பே கத்தியால் அறுத்ததுபோல் நின்றுவிடுகிறது. அந்த அறுப்புதான் காதில் அறைவது.

இது பிறந்தது ஜெனிசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கான பதிவில். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் கல் சுவர் வைத்த அறை. டிரம்ஸ் காலின்ஸ், ஒலிப்பதிவு ஹியூ பேட்கம். அறைக்குள் இருப்பவர்கள் பேசுவது வெளியே கேட்க ஒரு மைக் உண்டு. மூலையில் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதால் எஸ்.எஸ்.எல். நிறுவன மிக்சரில் அந்த மைக்குக்கு மிகக் கடுமையான கம்ப்ரெஸர் (உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கும் கருவி). காலின்ஸ் வாசிக்கும்போது அது திறந்திருக்க, டிரம்ஸ் பூதாகரமாகக் கேட்டது. பதிவுக்கென்று செய்யப்படாத அந்த வழியைப் பதிவு செய்யும்படி இணைத்து, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் வழியை மூடும் நாய்ஸ் கேட்டால் முழக்கத்தின் வாலை வெட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிரம்ஸிலிருந்து 2 முதல் 4 மீட்டர் தள்ளி ஒரு அறை மைக் வையுங்கள். கம்ப்ரெஸரின் விகிதம் 20:1, 15 டெசிபலுக்குக் குறையாமல் அமுக்கட்டும். அதற்குப் பின்னால் கேட். கேட்டைத் திறக்கும் சிக்னலை ஸ்னேர், டாம் என்ற டிரம்களுக்கு நெருக்கமாக வைத்த மைக்கிலிருந்து கொடுங்கள்; அறை மைக்கையே நம்பினால் கண்ட சத்தத்துக்கும் திறக்கும். ஹோல்ட் (கேட் திறந்தே இருக்கும் நேரம்) 250 மில்லிசெகண்டில் தொடங்குங்கள், ரிலீஸ் (மூட எடுக்கும் நேரம்) 30-50. பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 95 பீட், அரை பீட் என்பது 316 மில்லிசெகண்ட். ஹோல்டும் ரிலீஸும் சேர்ந்து அதைத் தாண்டினால் அடுத்த அடிக்கு முன் மௌனம் கிடைக்காது, எல்லாம் குழம்பும். கால் பீட் இடைவெளியில் அடிகள் வந்தால் கேட் மூடாமல் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அது நல்லதுதான், கடைசி அடிக்குப் பின் வரும் வெட்டு இன்னும் கூர்மையாகும்.

டாம்களின் அடித்தோலைக் கழற்றிப் பாருங்கள். காலின்ஸின் டாம்கள் ஒரே தோல் கொண்டவை. ஒலி குறுகி, முன்னால் பாயும்.

கேள்வி: அதே மாதிரி செஞ்சேன் சார். சிம்பல் அடிச்சா மட்டும் 'ஷ்ஷ்'னு வந்து டக்குன்னு அறுந்து போகுது.

பதில்: அறுந்துதான் போகும். அடியின் உச்சத்தை அமுக்கி, ஓயும் பகுதியைத் தூக்கிவிடுவதுதான் கம்ப்ரெஸரின் வேலை. சிம்பல் முழுக்க முழுக்க ஓயும் பகுதி. கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் தப்பித்தது. சிம்பல் கட்டாயம் வேண்டுமென்றால் டிரம்ஸை முதலில் அடித்துப் பதிந்துவிட்டு, சிம்பலைத் தனி டிராக்கில் ஏற்றுங்கள். கேட்டை நோண்டி இதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: 'இன் தி ஏர் டுநைட்' ஒருத்தர் தண்ணியில மூழ்குறதைப் பார்த்து எழுதின பாட்டுன்னு சொல்றாங்களே?

பதில்: கட்டுக்கதை. முதல் திருமணம் முறிந்த வேதனையில் வந்த பாட்டு. வரிகளில் பெரும்பகுதி வீட்டில் டெமோ பதியும்போது வாய்க்கு வந்தபடி பாடியவை.

கேள்வி: அண்ணா, பழைய சிங்கிள் ரெக்கார்டுல டிரம்ஸ் முன்னாடியே வருது, ஆல்பத்துல 3:40க்கு அப்புறம்தான். எது ஒரிஜினல்?

பதில்: அவருடைய முதல் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ'வில் இருப்பதுதான் மூலம். தாளம் எங்கே என்று ரேடியோ கேட்பவர்கள் தடுமாறுவார்கள் என அட்லாண்டிக் நிறுவனத்தின் அகமத் எர்தெகுன் கருதியதால், சிங்கிளுக்கு மட்டும் கூடுதல் டிரம்ஸ் சேர்த்தார்கள். பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 19. விற்பனைக் கணக்கு எப்படியோ, காத்திருந்து காத்திருந்து டிரம்ஸ் விழுவதுதான் அந்தப் பாட்டின் உயிர். ஆல்பம் பதிவையே கேளுங்கள்.

கேள்வி: அந்தப் பாட்டைக் கீபோர்டில் வாசிக்கணும். என்ன கார்ட்?

பதில்: டி மைனர், சி, பி ஃபிளாட், மறுபடி சி. இடது கை கடைசிவரை டி-யை விட்டு நகரக் கூடாது. பேஸையும் (அடிச் சுரத்தையும்) கார்டோடு சேர்த்து மாற்றுவதால்தான் பலர் வாசிக்கும்போது சாதாரணப் பாட்டாகிவிடுகிறது. ஒலிக்கு ப்ராஃபெட்-5 போன்ற சிந்தசைசரில் மெதுவாக எழுந்து நீண்டு நிற்கும் பேட், அடியில் ரோலண்ட் சி.ஆர்.-78 தாள இயந்திரம்.

கேள்வி: 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்', 'ஈஸி லவர்' எந்த ஆல்பத்துல இருக்கு? தேடித் தேடிக் கிடைக்கலை.

பதில்: அவருடைய தனி ஸ்டூடியோ ஆல்பங்கள் வெளிவந்தபோது எதிலும் இல்லை. முதலாவது 1984இல் அதே பெயர் கொண்ட படத்துக்கானது, ஆரிஃப் மார்டின் தயாரிப்பு; அமெரிக்காவில் அவருடைய முதல் நம்பர் ஒன். 'ஈஸி லவர்' பாடகர் ஃபிலிப் பெய்லியின் 'சைனீஸ் வால்' ஆல்பத்தில். 'எ க்ரூவி கைண்ட் ஆஃப் லவ்', 'டூ ஹார்ட்ஸ்' இரண்டும் 1988 'பஸ்டர்' படத்தில். ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 1998இல் வந்த 'ஹிட்ஸ்' தொகுப்பை வாங்குங்கள். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஏழு சிங்கிள்களும் அதில் உண்டு.

கேள்வி: 'சுசூடியோ'ன்னா என்ன அர்த்தம்?

பதில்: ஒன்றுமில்லை. தாள இயந்திரத்தை ஓடவிட்டுப் பாடிப் பார்த்தபோது இடத்தை நிரப்ப வந்த சொல். வேறு சொல் அந்த அசைகளில் அவ்வளவு கச்சிதமாக உட்காரவில்லை, அதையே பெண்ணின் பெயராக்கிவிட்டார். அந்தப் பாட்டில் கேட்க வேண்டியது எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவோடு வாசித்த பித்தளை வாத்தியக்காரர்களை.

கேள்வி: இப்பவும் டிரம்ஸ் வாசிக்கிறாரா?

பதில்: இல்லை. 2007 ஜெனிசிஸ் சுற்றுப்பயணத்துக்குப் பின் கழுத்தெலும்புப் பாதிப்பால் கைகளில் குச்சி நிற்காமல் போனது. 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரியில் அவர் நாற்காலியில் அமர்ந்து பாடினார்; பின்னால் டிரம்ஸில் மகன் நிக்.