எந்த இலவச மென்பொருளில் வரையலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகத் தாளில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்து வருகிறேன். இப்போது கணினியிலும் வரைந்து பழக ஆசைப்படுகிறேன். மனித முகம், இயற்கைக் காட்சி, எப்போதாவது ஒரு வாழ்த்து அட்டை என்று எல்லாமே வரைவேன். நண்பர்களில் ஒருவர் கிம்ப் போதும் என்கிறார். இன்னொருவர் கிரிட்டா என்கிறார். மூன்றாமவர் இங்க்ஸ்கேப் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். மூன்றுமே இலவசம் என்பதால் எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. தங்கள் ஆலோசனை என்ன?

பதில்: நண்பர்கள் மூவரும் நல்ல மென்பொருள்களையே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவை மூன்றும் ஒரே வேலைக்காக உருவானவை அல்ல. எது சிறந்தது என்று கேட்பதைவிட, உங்கள் கை எந்த வேலையை அதிகம் செய்யப்போகிறது என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

கிம்ப், 1995-ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் இருவர் தொடங்கிய திட்டம். படங்களைத் திருத்துவதே அதன் முதன்மையான பணி. அதில் தூரிகைகளும் உண்டு. 2018-இல் வெளியான 2.10 பதிப்பு முதல், மைபெயின்ட் என்ற ஓவிய மென்பொருளின் வகைத் தூரிகைகளும் சேர்ந்துள்ளன. ஆயினும் வெற்றுத் திரையில் ஒரு முகத்தை முதலிலிருந்து வரைந்து முடிக்க வேண்டும் என்னும்போது, பட்டியல்களும் கருவிகளும் ஒளிப்படத் திருத்துநரை மனத்தில் வைத்தே அடுக்கப்பட்டிருப்பதை நீங்கள் அடிக்கடி உணர்வீர்கள். தாளில் வரைந்த நீர்வண்ணப் படத்தை ஸ்கேன் செய்து, தாளின் பழுப்பு நிறத்தை நீக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் கிம்ப்பைவிட நல்ல இலவசத் துணை கிடைப்பது கடினம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஒரு விளைவைப் படத்தின் மேல் இட்ட பிறகும் அதன் அளவைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இந்த வேலை முன்னைவிட எளிதாகிவிட்டது.

இங்க்ஸ்கேப் வேறு வகை. 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்த இது, கோடுகளைப் பிக்சல்கள் எனப்படும் நுண்புள்ளிகளாக அல்லாமல் கணித வளைவுகளாகச் சேமிக்கிறது. அதனால் உள்ளங்கையளவு வரைந்ததைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு மங்குவதில்லை. சின்னம், சுவரொட்டி, எழுத்துகள் மிகுந்த வாழ்த்து அட்டை ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தமானது. ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்களையும் சரியாகக் காட்டும். ஆனால் ஈர வண்ணம் ஒன்றோடொன்று கலந்து பரவும் அழகை இதில் தேடக் கூடாது.

உங்கள் தேவைக்குக் கிரிட்டாவையே பரிந்துரைக்கிறேன். நிரலை எவரும் பார்த்து மாற்றிக்கொள்ளத் திறந்து வைக்கும் மென்பொருளைத் திறமூலம் என்பார்கள். கேடிஇ என்னும் அத்தகைய திறமூலச் சமூகத்தில் பிறந்த இம்மென்பொருளை, 2009 முதல் ஓவியர்களுக்கென்றே வளர்ப்பது என்று அதன் உருவாக்குநர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவின் பயனை வரையத் தொடங்கிய உடனே உணரலாம். திரையின் மேல் வலது சொடுக்கினால், நடுவில் வண்ணத் தேர்வும் சுற்றிலும் தூரிகைகளுமாக ஒரு வட்டத் தட்டு விரிகிறது. தூரிகையை மாற்றவோ வண்ணத்தை மாற்றவோ கையைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ‘எம்’ விசையை அழுத்தினால் காட்சி மட்டும் இடவலமாகத் திரும்பும், படம் மாறாது. ஒரு முகத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே வரைந்தவரின் கண்ணுக்குத் தப்பிய பிழை, ஒரு கண் சற்றே மேலேறியிருப்பதோ தாடை ஒரு பக்கம் இழுத்திருப்பதோ, திருப்பிய அந்தக் கணமே பளிச்சென்று தெரிந்துவிடும். ஓவியர்கள் காலங்காலமாக ஒரு கண்ணாடியை வைத்துச் செய்துவந்த சோதனைதான் இது.

கை நடுக்கத்தைத் தணிக்கும் நிலைப்படுத்தி ஒன்றும் கிரிட்டாவில் இருக்கிறது. அதை இயக்கினால், கோடு உங்கள் பேனாவுக்குச் சற்றுப் பின்னால் வந்து, சிறு அசைவுகளைச் சமன்செய்து விழும். நீண்ட வளைவுகளுக்கும் மை தீட்டுவதற்கும் இது பேருதவி. ஆனால் விரைவான கோட்டோவியத்துக்கு இதை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கோட்டில் உயிர் இருக்காது.

கிரிட்டாவோடு நூற்றுக்கும் மேற்பட்ட தூரிகைகள் வருகின்றன. புதியவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பென்சில், ஒரு மைப்பேனா, ஓரம் மென்மையான ஒரு வண்ணத் தூரிகை, வண்ணங்களைக் குழைக்கும் ஒன்று என நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு சில வாரங்கள் அவற்றோடு இருங்கள். அழிப்பானுக்குத் தனித் தூரிகை தேவையில்லை. ‘இ’ விசையை அழுத்தினால் கையில் இருக்கும் தூரிகையே அழிப்பானாகிவிடும். நீர்வண்ணத்தை அறிந்த உங்களுக்கு இது ஒரு பெரிய வேறுபாடு: மென்பொருளில் ஈரமான தூரிகையாலேயே அழிக்கலாம், மென்மையான விளிம்போடு அழிக்கலாம், பாதி அழுத்தத்தில் பாதி மட்டும் அழிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுட்டெலியைக் கொண்டு வரைந்துவிட்டு எந்த மென்பொருளையும் மதிப்பிடாதீர்கள். சுட்டெலிக்கு அழுத்தம் தெரியாது. கோடு முழுதும் ஒரே தடிமனில் விழும். அழுத்தத்தை உணரும் சிறிய பேனா டேப்லெட் ஒன்று, எந்த மென்பொருள் என்ற தேர்வைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதற்குப் பழகச் சிறிது காலம் பிடிக்கும். அதற்குள் மென்பொருளை மாற்றிவிட வேண்டாம்.

உங்கள் கணினி பழையது என்றால் மெடிபேங் பெயின்ட், ஃபயர்அல்பாகா ஆகிய இரண்டையும் பார்க்கலாம். இரண்டும் இலகுவானவை, சித்திரக்கதை வரைவோருக்கு ஏற்றவை; ஆனால் திறமூலமல்ல, விளம்பரங்களும் வரும். கருவிகள் எதுவும் கண்ணில் படாமல், எல்லையற்ற தாளில் கிறுக்கிக்கொண்டே போக வேண்டும் என்பவருக்கு மைபெயின்ட் இனிமையானது.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை, கைப்பேசியும் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும்தான் உள்ளன. கிரிட்டா அதில் இயங்குமா?

பதில்: ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்குக் கிரிட்டா உண்டு. கைப்பேசியின் சிறு திரைக்கு அதன் அமைப்பு பொருந்தாது. கைப்பேசியில் விரலால் வரைவதற்கு ஐபிஸ்பெயின்ட் நல்ல தேர்வு. அடுக்குகள் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே வரையும் கண்ணாடித் தாள்கள் போன்றவை), நிலைப்படுத்தி, வரையும் போக்கைப் பதிவு செய்யும் வசதி எல்லாம் அதில் உள்ளன. விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கெட்ச்புக் செயலியின் இலவசப் பகுதியும் அடிப்படை வேலைகளுக்குப் போதுமானது. ஐபேட் வைத்திருப்போர் கவனிக்க: ஐபேடுக்குக் கிரிட்டா இல்லை, மேற்சொன்ன இரண்டும் அதில் கிடைக்கும்.

கேள்வி: பேனா டேப்லெட் வாங்கிக் கிரிட்டாவில் வரைகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனாகவே வருகிறது. டேப்லெட் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. முதலில், அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் தூரிகையைத்தான் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில தூரிகைகள் சீரான கோட்டுக்காகவே அமைந்தவை. அடுத்து, டேப்லெட் நிறுவனத்தின் இயக்கியை, அதாவது டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருளை, நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்கு வந்து சேர இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று விண்டேப், மற்றது விண்டோஸ் இங்க். இயக்கி ஒரு வழியில் அனுப்ப, மென்பொருள் மற்ற வழியில் காத்திருந்தால், சுட்டி நகரும், கோடும் விழும்; அழுத்தம் மட்டும் வந்து சேராது. கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் என்ற பகுதியைத் திறந்து, இவ்விரண்டில் இப்போது தேர்வாகாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். அதே பகுதியில் பேனாவைச் சோதிக்கும் பலகையும், அழுத்த வளைகோடும் இருக்கின்றன. மென்மையான கை உடையவர்கள் அந்த வளைகோட்டின் நடுப்பகுதியைச் சற்று மேலே இழுத்துவிட்டால், குறைந்த அழுத்தத்திலேயே முழுத் தடிமன் கிடைக்கும். மணிக்கட்டு வலியும் குறையும்.

கேள்வி: ஏ4 அளவில் படம் தொடங்கினால் சில அடுக்குகளுக்குப் பிறகு கணினி தடுமாறுகிறது. இலவச மென்பொருள் என்பதால்தான் இப்படியா?

பதில்: விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று திறந்தால் 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் என்றால், முழுதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கே 35 மெகாபைட் அளவு நினைவகம் வேண்டும். இருபது அடுக்குகள் என்றால் 700 மெகாபைட். 600 புள்ளிகளில் திறந்தால் இது நான்கு மடங்காகும். வண்ண ஆழத்தை, அதாவது ஒவ்வொரு வண்ணத்தையும் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்ற அளவை, 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு உயர்த்தினால் மீண்டும் இரட்டிப்பாகும். செய்ததைத் திரும்பப் பெறுவதற்கு (அன்டூ) வைத்திருக்கும் பதிவுகள் தனி.

அச்சுக்கு 300 புள்ளிகள் போதும். திரையில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு அதில் பாதியே தாராளம். 8 பிட் ஆழத்தில் தொடங்குங்கள். முடிந்த அடுக்குகளை ஒன்றாக்கிவிடுங்கள். ஓர் அடுக்கில் ஒரு மூலையில் மட்டும் வரைந்திருந்தால், கிரிட்டா அந்த இடத்துக்கான நினைவகத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிறு அடுக்குகள் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய தூரிகை பின்தங்கி வந்தால், காட்சிப் பட்டியலில் உள்ள உடனடி முன்னோட்டத்தை இயக்கிப் பாருங்கள்.

கேள்வி: கிரிட்டா இலவசம் என்கிறீர்கள், ஆனால் ஸ்டீம் என்ற இணைய மென்பொருள் விற்பனைத் தளத்தில் விலை போட்டிருக்கிறது. எது உண்மை? இதில் வரைந்த படத்தை விற்கலாமா?

பதில்: இரண்டும் உண்மை. திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் அது விலையின்றிக் கிடைக்கிறது. ஸ்டீமிலும் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலும் வாங்குவோர் செலுத்தும் பணம் அதன் வளர்ச்சிக்குப் போகிறது. வரையும் வசதிகளில் வேறுபாடு இல்லை. வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொண்டால் அது நல்ல காரியம். படங்களைத் தாராளமாக விற்கலாம். கிரிட்டா வெளியிடப்படும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் மென்பொருளின் நிரலைப் பற்றியது, நீங்கள் வரைவதைப் பற்றியது அல்ல. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் இப்படியே. திறமூலமல்லாத செயலிகளில் மட்டும் விதிகளை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு எது பொருந்தும்?

பதில்: டக்ஸ் பெயின்ட். குழந்தைகளுக்காகவே 2002-இல் தொடங்கப்பட்டது. பெரிய பொத்தான்கள், ஒலிகள், முத்திரைப் படங்கள் எல்லாம் உண்டு.

கேள்வி: பின்னாளில் கட்டண மென்பொருளுக்கு மாறினால் இப்போது வரைந்தவை வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது, ஆனால் சேமிக்கும் முறையில் கவனம் வேண்டும். கிரிட்டாவாலும் கிம்ப்பாலும் ஃபோட்டோஷாப்பின் கோப்பு வடிவான பி.எஸ்.டி.யில் எழுத முடியும். அடுக்குகள் பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். எழுத்து அடுக்குகளும் சில சிறப்பு விளைவுகளும் சாதாரணப் படமாக மாறிவிடலாம். வேலை நடக்கும்போது அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவிலேயே சேமியுங்கள். முடிந்ததும் பி.என்.ஜி. படி ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அது தரத்தை இழப்பதில்லை. ஜேபெக் வடிவைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் சிறிது குறையும். கிரிட்டாவின் சொந்த வடிவான கே.ஆர்.ஏ. கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். அடுக்குகளோடு, ஒன்றிணைத்த முழுப் படமும் பி.என்.ஜி.யாக அதனுள் இருக்கிறது. கிரிட்டாவே இல்லாத கணினியிலும் அக்கோப்பின் பெயரிலுள்ள பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், படத்தை வெளியே எடுத்துவிடலாம்.