கேள்வி – பதில்: கேட்பாரற்று நிற்கும் மிலிட்டரி லாரியை வாங்கலாமா?

கேள்வி: மேலூர் அருகே, பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் ஒரு கல் குவாரியில் பழைய மிலிட்டரி லாரி ஒன்று நிற்கிறது. சக்திமான் என்கிறார்கள். உரிமையாளர் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டதாகவும், எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் எடுத்துச் செல்லலாம் என்றும் அங்குள்ள காவலாளி சொல்கிறார். அதைச் சீர்படுத்தி ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாங்கலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: காவலாளியிடமிருந்து வாங்காதீர்கள். கேட்பாரில்லாமல் நிற்பதாலேயே ஒரு வண்டி உரிமையாளர் இல்லாத வண்டியாகிவிடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த உரிமை வந்து சேர்வதில்லை. நாளை உண்மையான உரிமையாளரோ அவருடைய வாரிசோ வந்து நின்றால், வண்டியும் போகும், பட்டறையில் செலவழித்த பணமும் போகும். திருட்டுப் பொருளை வாங்கினீர்கள் என்ற புகாருக்கும் பதில் சொல்ல நேரிடலாம். மேலூர் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-இல் கிரானைட் முறைகேடு வெளியானபோது மூடப்பட்ட குவாரிகளில் பல, வழக்குகளில் சிக்கியவை. நீங்கள் சொல்லும் குவாரியும் அவற்றில் ஒன்றாக இருந்தால், அங்கு நிற்கும் வண்டி வழக்குச் சொத்தாக இருக்கக்கூடும். அதை நகர்த்துவதற்கே நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். ஆகவே நிலம் யாருடையது, அதன் மீது வழக்கு ஏதும் உண்டா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது வண்டியின் எண்களைக் குறித்துக்கொள்வது. துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். (கதவைத் திறப்பதற்கு முன் ஒரு தடியால் நான்கு தட்டு தட்டிவிடுவது நல்லது, ஆள் ஏறாத வண்டியில் பாம்பு குடியிருக்கும்.) ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் இராணுவத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை சக்திமான் லாரிகள். அவை தனியார் கைக்கு வருவது, இராணுவம் கழித்துவிட்ட பிறகு ஏலத்தின் வழியாகத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி, பாதுகாப்புப் பணியிலிருந்து விலகிய வண்டியை மற்ற வண்டிகளைப் போலவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு இராணுவத் தரப்பு தந்த படிவம் 21 விற்பனைச் சான்றின் அசல் தேவை. ஏலம் எடுத்தவர் அப்படிப் பதிவு செய்திருந்தால் அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். அவரோ வாரிசோ கையெழுத்திட்டால்தான் உங்கள் பெயருக்கு மாற்ற முடியும்: உயிருடன் இருப்பவர் என்றால் படிவம் 29, 30, இறந்துவிட்டார் என்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31. வரி நிலுவையையும் தகுதிச் சான்று இல்லாமல் கிடந்த காலத்துக்கான கட்டணங்களையும் விசாரித்து, விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். படிவம் 21-ம் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை என்றால், அது எண்பதாயிரத்துக்கு மட்டுமல்ல, எட்டாயிரத்துக்கும் வாங்கத் தகுந்ததன்று.

காகிதங்கள் சரியாக இருந்தால் வண்டியைப் பாருங்கள். என்ஜின் இறுகிப்போயிருப்பதைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாம் பட்சம். நல்ல மெக்கானிக்கும் லேத் பட்டறையும் கிடைத்தால் என்ஜினுக்கு வழி பிறக்கும். ஆனால் முன் அச்சு, முன் சக்கரங்களுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் ஆகிய மூன்றும் முழுமையாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். டீசல் மிச்சப்பட வேண்டும் என்று முன் ஷாஃப்டைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது குவாரிகளிலும் மலைத் தோட்டங்களிலும் நடக்கக்கூடியதுதான். அந்தப் பாகத்தைப் பிறகு தேடிப் பிடிப்பது வண்டியைத் தேடுவதைவிடக் கடினம்.

வண்டியை எடுக்கும்போது, அதன் சொந்தச் சக்கரத்தில் கட்டி இழுப்பதைத் தவிருங்கள்; பல ஆண்டுகள் நின்ற வண்டியின் பிரேக்கையும் பேரிங்கையும் நம்ப முடியாது. கிரேன் வைத்துத் தூக்கி, தாழ்தள டிரெய்லரில் ஏற்றுவதே பாதுகாப்பானது. பழைய இராணுவ வண்டிகள் சிலவற்றில் சக்கர வளையம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு நட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் வளையம் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். வால்வை முழுமையாகக் கழற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.

கேள்வி: இராணுவ ஏலத்தில் எடுத்த லாரி என்று சொல்லி, மதுரையில் ஒரு வியாபாரி என்னிடம் 1,50,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். இப்போது சான்று எதுவும் இல்லை என்கிறார். பணத்தையும் தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். வண்டியை உங்கள் சொந்த விருப்பத்துக்காக வாங்கினீர்கள், மறுவிற்பனைக்காக அல்ல என்பது தெளிவாக இருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. முதலில் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு மதுரை மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிமாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. வங்கிப் பரிமாற்ற விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இதே வியாபாரி நேரடியாக ஏலத்தில் எடுத்தவர்தானா என்பது எனக்கு ஐயமே. கழித்துவிட்ட அரசு வண்டிகளை எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இணையவழி ஏலம் விடுகிறது. வைப்புத்தொகை கட்டி, தனிநபரும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அங்கே 'எங்குள்ளதோ அங்கே, உள்ளது உள்ளபடி' என்பதே நிபந்தனை என்பதால், பிறகு குறை சொல்ல இடமிராது. பழைய இரும்பாக மட்டுமே விற்கப்படும் வண்டிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றைப் பதிவு செய்து ஓட்டலாம் என்று எண்ணிக் கேட்காதீர்கள்.

கேள்வி: சீர்படுத்திய வண்டிக்குப் பழையபடி இராணுவப் பச்சை அடிக்கலாமா?

பதில்: கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி, பாதுகாப்பு அமைச்சகத்தின் வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிப்பதைத் தடை செய்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி கொண்ட இராணுவ எண் பலகையையும் மாட்டக் கூடாது. பழைய தோற்றம் வேண்டும் என்றால், பாலைவனப் போர்முனை வண்டிகளின் மணல் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அடித்த நிறத்தை ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.