ஒரு கண்ணை மூடினால்தான் தெரியும்

பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தால் அடுத்த வாரமே எனக்குக் கேள்விகள் வந்து குவியும். பிள்ளை கொண்டுவரும் துண்டுச் சீட்டு வீட்டில் ஒரு பட்டிமன்றத்தையே நடத்திவிடுகிறது. காரைக்குடி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்தவற்றில் சில:

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வலது கண்ணில் பார்வை குறைவு என்று முகாமில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிவியில் கீழே ஓடும் எழுத்தைக்கூட வாசிக்கிறாள். தலைவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பார்களோ? (ஒரு தாய், கோட்டையூர்)

இருக்கலாம். முகாமில் நடப்பது சல்லடை போடும் வேலைதான், முழுப் பரிசோதனை இல்லை. ஆனாலும் 'வலது கண்' என்று எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளை எதையும் சொல்லாது. நல்ல கண் இரண்டு கண்ணின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிடும். டிவி தெரியும், பலகை தெரியும், தலையும் வலிக்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். உங்கள் பக்கத்து வீடுகளில் நீளமான பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, பஞ்சமில்லை. தரையில் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் என்றால் வரிசையாக 24 எண்ணுங்கள். எட்டு அங்குலக் கல் என்றால் 30. எப்படி எண்ணினாலும் 20 அடி வரும், அதாவது ஏறக்குறைய 6 மீட்டர். பார்வையை நாங்கள் அளக்கும் தூரமும் அதுதான். வெள்ளைத் தாளில் ஆங்கில 'இ' எழுத்தை, மூன்று கால் உள்ள பெரிய எழுத்தை, 13 மில்லிமீட்டர் உயரம், அதே அகலத்தில் கறுப்பு மையால் தடிமனாக வரையுங்கள். அவளை ஒரு முனையில் நிறுத்தி, நீங்கள் மறுமுனையில் நல்ல வெளிச்சத்தில் நின்று, தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அவளைக் கையால் காட்டச் சொல்லுங்கள். முதலில் வலது கண்ணை மூடி, அப்புறம் இடதை. உள்ளங்கையைக் குழித்து மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், இதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அழுத்தி மூடினால், திறந்த பிறகு அந்தக் கண் சற்று நேரம் மங்கும். இடது கண் சரியாகச் சொல்லி, வலது கண் தடுமாறினால் சீட்டு சொன்னது உண்மை. தடுமாறாவிட்டாலும் சீட்டு கையில் இருப்பதால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்து அப்படியே விட்டால், மூளை அந்தக் கண் அனுப்பும் மங்கல் படத்தை ஒதுக்கப் பழகிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை உடனே வராது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, மற்றதை வேலை வாங்க வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகும் முயலலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். உங்கள் மகளுக்கு எட்டு வயது இருக்கும். முழுப்பரீட்சை லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துத்தான் பவர் பார்ப்பார். அன்று வெயிலில் கண் கூசும், புத்தகம் மங்கலாகத் தெரியும். அது தானாகச் சரியாகிவிடும்.

பேரனுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. கண்ணாடி போட்டுப் போட்டுத்தான் ஏறுகிறது, அவ்வப்போது கழற்றி வைக்கட்டும் என்கிறாள் அவன் அப்பத்தா. (ஓர் ஐயா, தேவகோட்டை)

பையன் வளர்ந்ததால் பெரிய சட்டை தைக்கிறோம். பெரிய சட்டை போட்டதால் வளர்ந்தான் என்று யாரும் சொல்வதில்லை. அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கிட்டப்பார்வையில் கண்ணே முன்பின்னாக நீண்டுபோகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் சுமார் இரண்டரை முதல் மூன்று பவர் வரை ஏறும். சாதாரணக் கண்ணாடி அதைத் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. வேண்டுமென்றே பவரைக் குறைத்து மாட்டிவிட்டாலும் ஏற்றம் நிற்காது. பிள்ளைக்குப் பலகைதான் தெரியாமல் போகும்.

எது உதவும்? வெளிச்சம். சீனாவில் குவாங்சோ நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39 சதவீதத்துக்கும் மேல். அறைக்குள் டியூப் லைட்டில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால் அதிகம். பகலில் வெளியே, மர நிழலில்கூட அது பல்லாயிரம். பழைய வளவு வீடுகளில் பிள்ளைகள் பகலெல்லாம் திறந்த முற்றத்தில்தான் கிடந்தார்கள். இப்போது அதற்கும் ஃபைபர் கூரை போட்டு, பிள்ளையை ஏசி அறையில் போனோடு உட்காரவைத்திருக்கிறோம். காலையும் மாலையுமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் வெளியே விளையாடட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட பவரை இது இறக்காது, புதிதாக வருவதைத்தான் தள்ளிப்போடும். உங்கள் பேரனைப்போல ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து ஏற்றத்தைக் குறைக்கலாம். அது அவனுக்குத் தேவையா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாசி பிறந்தாலே மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து தருகிறார்கள், இரண்டே நாளில் கேட்டுவிடுகிறது. மூன்று வருஷமாக அதுதான். தொடரலாமா? (பள்ளத்தூர் வாசகி)

கூடாது. இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பயம் தருவது இதுதான். அரிப்பு, நூல் நூலாகப் பீளை, வெயிலும் புழுதியும் ஏறினால் அதிகமாவது, பெரும்பாலும் பையன்களுக்கு வருவது, எல்லாம் கண் ஒவ்வாமையின் குணம். இரண்டு நாளில் மாயம்போல் கேட்கும் மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். புட்டியை எடுத்துப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் போட்டால் அது நல்ல மருந்து. தானாக வாங்கி வருஷக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வை மெல்லக் கரையும், போனது திரும்பாது. சிலருக்குப் பள்ளி வயதிலேயே கண்புரையும் வரும்.

பிளஸ் டூ மாணவன் ஒருவன், சைக்கிளில் போகும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரிவதில்லை என்று வந்தான். நேரே இருந்த அட்டையில் கடைசி வரி வரை தடையில்லாமல் வாசித்தான். பக்கவாட்டில் நான் விரலை ஆட்டியது இரண்டு கண்ணிலும் தெரியவில்லை. சட்டைப் பையில் இதே மாதிரி ஒரு புட்டி வைத்திருந்தான்.

இனி அந்த மருந்தைக் கடையில் வாங்காதீர்கள். புட்டியையும் மகனையும் இந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டுபோய், கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமை மருந்துகள் இருக்கின்றன. அவை நிதானமாகத்தான் வேலை செய்யும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றிக் கொடுங்கள். கசக்கவிடாதீர்கள். ஓயாத கசக்கலில் கருவிழியே கூம்பு மாதிரி துருத்திக்கொள்வதுண்டு. பதின்ம வயது தாண்டும்போது பெரும்பாலோருக்கு இந்த ஒவ்வாமை அடங்கிவிடும்.

முகாமில் கண்ணாடி கொடுத்தும் பாதிப் பேர் போடுவதில்லை. என்ன செய்வது? (ஆசிரியை, குன்றக்குடி)

அதட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்டுப் பாருங்கள், டீச்சர். ஒருத்தியின் அம்மா கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார், 'நல்லது கெட்டதுக்குப் போகும்போது போடட்டும்' என்று. இன்னொருவனுக்கு மூக்கில் புண். பெரும்பாலோருக்குக் காரணம் 'சோடாபுட்டி' என்ற கேலிதான். ஃபிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுத்தால் பாதிச் சண்டை தீரும். கண்ணாடி போடும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் தன் கதையைச் சொன்னால் மீதியும் தீரும். அப்புறம், பரிசோதிக்கும்போது வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அட்டை தெரியக் கூடாது. முன்னால் நிற்பவன் சொல்வதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், பிழையே இருக்காது.

நந்தியாவட்டைப் பூச்சாறு கண்ணில் விடலாமா? (கானாடுகாத்தான்)

விடாதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை எல்லாம் நல்லதுதான், வாய் வழியாக. ஆனால் பவர் குறையும் என்று நம்பிச் சாப்பிடாதீர்கள்.

ஒன்றரை வயதுப் பேத்திக்கு லேசாக மாறுகண். அதிர்ஷ்டம், விட்டுவிடு என்கிறார்கள். (ஓர் ஆயா, ஆத்தங்குடி)

அதிர்ஷ்டமெல்லாம் இல்லை, ஆயா. பிறந்து நான்கு மாதம் வரை கண் அங்கும் இங்கும் ஓடலாம். அதற்குப் பிறகும் ஓடினால் காட்டியே ஆக வேண்டும். மூக்குத் தண்டு அகலமாக இருப்பதாலும் அப்படித் தோன்றுவதுண்டு, அதையும் மருத்துவரே சொல்லட்டும். போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அது கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மகன் பச்சையையும் பழுப்பையும் மாற்றிச் சொல்கிறான். என் தம்பியும் அப்படித்தான். கண்ணாடி போட்டால் சரியாகுமா? (புதுவயல்)

சரியாகாது, மோசமாகவும் ஆகாது. அம்மா வழியாக மகனுக்கு வரும் நிறக்குறை இது; தாய்மாமனுக்கும் இருப்பது அதனால்தான். படிப்பதற்குத் தடையில்லை. ரயில் ஓட்டுநர், விமானி போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வை கேட்பார்கள், எனவே பத்தாம் வகுப்புக்கு முன்பே முறையாகச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வகுப்பாசிரியரிடம் சொல்லி, பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.