காற்றடைத்த தலையணை

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் வங்கி வேலை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமாப் பத்திரிகை 2022இல் வெளியிட்ட, உலகின் சிறந்த 100 படங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அம்மா படுத்த பிறகு தினம் கொஞ்சம் பார்க்கிறேன். 63 படம் முடிந்தது. நேரம் பற்றாததால் மெதுவான படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறேன். ஜப்பான் படமான 'டோக்கியோ ஸ்டோரி'யையும் அப்படித்தான் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. மீதியை எந்த வரிசையில் பார்ப்பது? பட்டியலில் ஒரு தமிழ்ப்படம்கூட இல்லையே, உங்களுக்கு வருத்தம் இல்லையா?

அன்புள்ள தம்பி,

நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த கண்ணோடு உட்கார்ந்து 63 படம் பார்த்திருக்கிறீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

வரிசை எப்படி இருந்தாலும் சரி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அவர்களே மாற்றுகிற வரிசைதானே? முதலிடத்தில் 1952இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்', அப்புறம் ஐந்து முறை 'சிட்டிசன் கேன்', 2012இல் 'வெர்டிகோ', இப்போது 'ஜான் டீல்மன்'. தமிழ்ப்படம் பற்றி நீங்கள் கேட்பது நியாயம்தான். ஏவி. மெய்யப்பன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்த ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது? அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு வேகம் இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. 136 நிமிட 'டோக்கியோ ஸ்டோரி'யில் 45 நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். யாருக்காக? இன்னொரு படத்துக்கு நேராக டிக் போடுவதற்காக. போன வாரம்தான் அப்பத்தா திவசத்துக்குக் கண்டனூர் போய் வந்தேன். அந்த நினைப்பிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதுவும் இந்தப் படத்தைப் பற்றி.

படம் எப்படி ஆரம்பிக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போவதற்குக் கிழவரும் கிழவியும் மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைக்கிற தலையணை உங்கள் பக்கம் இருக்கிறதா என்கிறாள் அவள். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். இங்கே இல்லையே என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் பையிலேயே கிடைக்கிறது. இதை வேகமாக ஓட்டினால் ஒரு சாமான் தொலைந்து கிடைத்தது என்றுதான் தெரியும். ஐம்பது வருஷம் ஒருத்தியிடமே சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் காதில் விழாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கண்டனூர் வீட்டில் அந்த டிவிடியைப் போட்டேன். இரண்டு கட்டு வீடு; இருந்தது அப்பத்தாவும் சமையலுக்கு ஓர் ஆச்சியும். பிள்ளைகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும். அப்பத்தா வளவு முற்றத்தில் தூணில் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தலையணை கிடைத்ததும் ஒரு சிரிப்பு சிரித்தாள். "எல்லா ஊர்லயும் ஆம்பளைக இப்படித்தானா?" ஐயா, அதாவது என் தாத்தா, பினாங்குக்குக் கொண்டுவிக்க, தொழில் பார்க்க, போய், ஊரில் இருந்த வருஷங்களே கொஞ்சம். இருந்த நாளெல்லாம் மூக்குக்கண்ணாடியை அவளிடம்தான் கேட்பார். அவர் போய் அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது.

படத்தில் பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. அப்பா அம்மாவை வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பி வைக்கிறார்கள். அப்பத்தா யாரையும் திட்டவில்லை. "அதுகளுக்கும் பொழப்பு இருக்குல்ல" என்றாள். செத்துப்போன மகனின் மனைவி மாமியாருக்குத் தோள் பிடித்து விடும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய கிழவி இறந்துபோகிறாள். கடைசியில் கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். முதல் காட்சியில் வந்த அதே பக்கத்து வீட்டுக்காரி அதே ஜன்னலில் வந்து பேசிவிட்டுப் போகிறாள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அப்பத்தா கேட்டாள்: "இனிமே தலகாணிய உங்கிட்டதான் குடுத்தேன்னு அவரு யாருகிட்ட சொல்லுவாரு?"

ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுகிறீர்களே, தம்பி!

அம்மா படுத்த பிறகு பார்க்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏன் படுத்த பிறகு? இந்த ஒரு படத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஜப்பான் படம் நமக்கெதுக்குடா என்பார்கள், பரவாயில்லை. சப்டைட்டிலை நீங்கள் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டவும் முடியாது.