சுவரில் உப்புப் பூப்பது ஏன்? பெயிண்ட் அடித்தும் ஏன் திரும்ப வருகிறது?

சுவரின் மேல் வெள்ளை மாவு போலப் படிந்து, தொட்டால் விரலில் ஒட்டுவதைத்தான் உப்புப் பூத்தல் என்கிறோம். செங்கல், மணல், சிமெண்ட் ஆகியவற்றில் இயல்பாகவே கொஞ்சம் உப்பு உண்டு. சுவருக்குள் ஈரம் புகுந்தால் அந்த உப்பு கரைந்து, நுண்ணிய துளைகள் வழியே வெளிப்பக்கம் நகரும். அங்கே தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். தட்டில் ஊற்றிய உப்புத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் படிவதும் இப்படித்தான்.

பெயிண்ட் இதைத் தடுக்காது. அதன் பின்னால் உப்புப் படிகங்கள் வளரும்போது பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகின்றன. முதலில் சிறு கொப்புளம், பிறகு செதில் செதிலாக உதிர்வு. சில சமயம் பூச்சுக் கலவையே பெயர்ந்து வரும்.

ஆகவே முதலில் தேட வேண்டியது ஈரம் வரும் வழியைத்தான்: கசியும் குழாய், விரிசல், தரையிலிருந்து ஏறும் ஈரம். அதை அடைத்து, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் செலவு வீண். புதுச் சுவராக இருந்தால் கட்டுமான ஈரம் வற்றியதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். படிந்ததை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்து பிளீச்சிங் கரைசல் தெளிக்கிறார்கள்; இது உயிருள்ளதல்ல, உப்பு என்பதால் அந்த மருந்து இதை ஒன்றும் செய்யாது.